லிவர்பூலின் பீட்டில்ஸ் சுற்றுலா: இடித்ததைத் திரும்பக் கட்டிக் காட்டும் ஊர்

மான்செஸ்டருக்கு வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும், ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத லிவர்பூலுக்குக் கால்பந்து ஆட்டம் பார்க்க மட்டுமே நான் போய்வந்திருக்கிறேன். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற உள்ளூர்க்காரர்கள் நால்வர் 1960-களில் உலகப் புகழ் பெறச் செய்த இசைக்குழு பீட்டில்ஸ். அந்த ஊர் தன் முகமாக முன்னிறுத்தும் பீட்டில்ஸ் சுற்றுலாவின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நான்கு பேரின் முகங்களைக் கோப்பையிலும் சட்டையிலும் அச்சடித்து விற்பதற்கு நகரத்தின் மறுமலர்ச்சி என்று பெயர் சூட்டுவது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணமாக இருந்தது. அண்ணன் மகள் சென்ற ஆண்டு அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளைப் பார்க்கப் போன சாக்கில் இரண்டு நாள் ஒதுக்கி, பேருந்துச் சுற்றுலா, கேவர்ன் கிளப், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை பராமரிக்கும் இரண்டு வீடுகள், ஸ்ட்ராபெரி ஃபீல்ட் ஆகியவற்றைப் பார்த்தோம். சுற்றுலாச் சீட்டில் அடங்காத இரண்டு இடங்களுக்கு நாங்களாகவே நடந்து போனோம். கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்பதோடு, இசையை வைத்து அந்த ஊர் தன்னை மீட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுவது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பேருந்து புறப்படும் ஆல்பர்ட் டாக்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். செங்கல்லும் வார்ப்பிரும்பும் கொண்டு கட்டி 1846-இல் திறக்கப்பட்ட இந்தக் கப்பல்துறைப் பண்டகசாலைகளில்தான் பருத்தி, தேயிலை, பட்டு, புகையிலை, சர்க்கரை என்று உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கியது. கப்பல்கள் பெரிதாகி, சரக்குகள் கன்டெய்னர்களில் போகத் தொடங்கிய பிறகு இந்தச் சிறிய துறையால் யாருக்கும் பயன் இல்லாமல் போயிற்று. 1972-இல் மூடினார்கள், கப்பல் நின்ற தொட்டியில் சேறு படிந்தது. 1931-இல் எட்டரை லட்சத்தை ஒட்டியிருந்த நகரின் மக்கள்தொகை 2001-இல் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்றால் சரிவின் ஆழத்தை ஊகித்துக்கொள்ளலாம். 1981 ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் வெடித்தபோது லண்டனில் இருந்த அரசின் கவனம் முழுவதும் இந்த ஊர்மேல் திரும்பியது. அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் சேற்றை அள்ளி, பண்டகசாலைகளைச் செப்பனிட்டு, 1988-இல் கலைக்கூடமும் கடைகளுமாக ஆல்பர்ட் டாக்கைத் திரும்பத் திறந்தார்கள். 1990-இல் அதன் நிலவறையில் 'பீட்டில்ஸ் ஸ்டோரி' அருங்காட்சியகம் வந்தது. பீட்டில்ஸைப் பற்றி அதிகம் தெரியாதவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. தெரிந்தவர்கள் அந்த நேரத்தையும் பணத்தையும் வீடுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

'மேஜிக்கல் மிஸ்ட்ரி டூர்' என்ற பெயரில் ஓடும் சுற்றுலாப் பேருந்து, மஞ்சளும் நீலமுமாக, நம் ஊரில் திருவிழாவுக்கு அலங்கரித்த வண்டியைப்போல் நிற்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரச் சுற்று. எங்களுடன் ஏறியவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஜப்பானியர், அமெரிக்கர், பிரேசில் நாட்டுக் குடும்பம் ஒன்று, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த வேல்ஸ் பாட்டி ஒருவர். வழிகாட்டி லிவர்பூலிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது அவர் வாய் திறந்த முதல் நொடியிலேயே தெரிந்தது. அந்த ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குக் காது பழக முதல் பத்து நிமிடம் பிடிக்கும் என்பதை ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்கும், நடுவே அவர் பேசுவார், நினைத்த இடத்தில் சேர்ந்து பாடவும் செய்வார். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவர் இல்லை. எந்தத் தெருவில் தன் அத்தை குடியிருந்தார், எந்தப் பள்ளியில் தன் தந்தை படித்தார் என்று சொந்தக் கதையையும் பீட்டில்ஸ் கதையையும் ஒரே மூச்சில் கலந்து சொன்னார். இந்தச் சேவையின் உயிர் அதுதான் என்று நினைக்கிறேன். பதிவு செய்த குரலை ஓடவிட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். வந்தவர்கள் பாதியில் தூங்கியிருப்பார்கள்.

ஜார்ஜ் ஹாரிசன் 1943-இல் பிறந்த ஆர்னால்ட் குரோவ் ஒரு சந்து. பேருந்து உள்ளே நுழையாது. பெரிய சாலையில் நிறுத்திவிட்டு நடத்திக் கூட்டிப்போகிறார்கள். இரு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள், வாசலிலிருந்து கை நீட்டினால் எதிர்வீட்டுக் கதவைத் தொட்டுவிடலாம் போன்ற நெருக்கம். 12-ஆம் எண் வீட்டுக்கு முன்னால் முப்பது பேரும் கைபேசியைத் தூக்கியபோது, பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். எங்களைப் பார்க்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. வழிகாட்டி குரலைத் தாழ்த்தி, "இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், கதவைத் தட்டாதீர்கள், சன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். ஒரு நாளைக்கு இத்தனை பேருந்து வந்தால் அந்த அம்மாளின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்குள் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

பீட்டில்ஸின் பாட்டால் புகழ் பெற்ற பென்னி லேனில் தெருப்பெயர்ப் பலகையைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவதே ஒரு காலத்தில் மாநகராட்சிக்குப் பெரும்பாடாக இருந்தது. மாட்ட மாட்ட ரசிகர்கள் கழற்றிக்கொண்டு போனதால், பெயரைச் சுவரிலேயே வண்ணத்தில் எழுதி வைத்தார்கள். 2018-இல் பால் மெக்கார்ட்னி வந்து ஒரு பலகையில் கையெழுத்திட்டுப் போனார். அது இப்போது கண்ணாடிபோன்ற தகட்டுக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்கிறது. அந்தத் தெருவின் பலகைகளில் 2020 ஜூனில் யாரோ கறுப்புச் சாயம் பூசினார்கள். அடிமை வணிகர் ஜேம்ஸ் பென்னியின் பெயர்தான் இந்தத் தெருவுக்கு வைக்கப்பட்டது என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்தது. ஆராய்ந்து பார்த்த பன்னாட்டு அடிமை வரலாற்று அருங்காட்சியகம், அதற்குச் சான்று இல்லை என்று கூறியது. இந்த அருங்காட்சியகம் இருப்பதும் ஆல்பர்ட் டாக்கில்தான், பீட்டில்ஸ் கடைகளுக்குக் கூப்பிடு தூரத்தில். நகரத்தின் செல்வத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். பேருந்திலும் வழிகாட்டி இந்த விவகாரத்தைச் சிரிப்பால் தள்ளிவிடாமல் இரண்டு வாக்கியமாவது சொன்னார். அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

பேருந்தின் குறை, எந்த வீட்டுக்குள்ளும் கூட்டிப்போக முடியாது என்பது. பால் மெக்கார்ட்னி வளர்ந்த ஃபோர்த்லின் சாலை 20-ஆம் எண் வீட்டு வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். உள்ளே போக நேஷனல் டிரஸ்டின் சிற்றுந்தில் இடம் பிடிக்க வேண்டும். ஒரு முறைக்குச் சிலர்தான் ஏறலாம், மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். எங்கள் இரண்டாவது நாள் காலை அதற்கே போயிற்று, எங்கள் இரண்டு நாளில் ஆகச் சிறந்த பகுதியும் அதுதான். வாசலிலேயே பையையும் கைபேசியையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே படம் எடுக்க முடியாது என்பதால் எல்லாரும் கண்ணால் பார்க்கிறார்கள். இந்தக் காலத்தில் இது பெரிய சலுகை.

மெக்கார்ட்னி குடும்பம் 1955-இல் குடியேறிய மாநகராட்சி வாடகை வீடு அது. முன்னறையின் சுவர்க் காகிதத்தைக் கவனித்தேன்: ஒவ்வொரு சுவரிலும் வெவ்வேறு வடிவம். மிச்ச விலைக்குக் கிடைத்த சுருள்களை வாங்கி ஒட்டியதால் அப்படி. தரையில் விரித்திருந்த கம்பளமும் துண்டு துண்டாகச் சேர்த்ததுதான். தாய் மேரி 1956-இல் இறந்த பிறகு, தந்தையும் இரண்டு பையன்களும் மட்டும் இருந்த வீடு. அடுத்த ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் வூல்டன் தேவாலயத் திருவிழாவில் ஜான் லெனனைச் சந்தித்த பால், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அவரை அழைத்து வந்து, ஒருவர் எதிரில் ஒருவர் உட்கார்ந்து கித்தார் வாசித்து, பள்ளி நோட்டில் வரி எழுதியது இந்த அறையில்தான். சுவரில் தம்பி மைக் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மாட்டியிருக்கின்றன. படத்தில் இருக்கும் சன்னலும் நமக்கு முன்னால் இருக்கும் சன்னலும் ஒன்றே என்று தெரியும்போது அறை முழுக்க அமைதியாகிவிடுகிறது. மாளிகையைப் பராமரித்தே பழகிய நேஷனல் டிரஸ்ட் 1995-இல் இப்படியொரு மாநகராட்சி வீட்டை வாங்கியபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. 1998-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். லெனன் தன் மிமி பெரியம்மாவிடம் வளர்ந்த 'மெண்டிப்ஸ்' வீட்டை அவர் மனைவி யோகோ ஓனோ வாங்கி நன்கொடையாகக் கொடுத்த பிறகு, 2003-இலிருந்து அதுவும் பார்வைக்கு உண்டு. அங்கே பார்க்க வேண்டியது முன்வாசல் கண்ணாடித் திண்ணை. கித்தார் சத்தம் பொறுக்காமல் பெரியம்மா துரத்திவிட, பையன் அங்கே நின்று வாசிப்பானாம். எதிரொலி நன்றாக இருக்கிறது, கைதட்டிப் பார்த்தேன்.

ஸ்ட்ராபெரி ஃபீல்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு 1936-இலிருந்து 2005 வரை நடத்திய குழந்தைகள் இல்லம் அது. சிறுவன் லெனன் சுவரேறிக் குதித்து விளையாடிய தோட்டம், பிறகு பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுக்குப் பெயர் தந்த இடம். இல்லம் மூடிய பிறகும் ரசிகர்கள் சிவப்பு இரும்புக் கதவுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகள் நகரம் அந்தக் கதவை மட்டுமே காட்டியது. 2019 செப்டம்பரில் சேனை இடத்தைத் திறந்தபோது, கண்காட்சியோடும் உணவகத்தோடும், கற்றல் குறைபாடு போன்ற காரணங்களால் வேலை கிடைக்காமல் தவிக்கும் இளைஞர்களுக்கான பயிற்சி மையத்தையும் சேர்த்தே கட்டியது. நாங்கள் கட்டும் காசு அந்தப் பயிற்சிக்கும் போகிறது. எனக்குத் தேநீர் கொண்டுவந்த இளைஞர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டுச் சிரித்தார். கேக்கும் நன்றாகவே இருந்தது. கண்காட்சி சுமார்தான், ஆனாலும் இசையை வைத்து ஊர் மக்களுக்கு ஏதாவது செய்வதென்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

இனி மாத்யூ தெரு. பேருந்து கடைசியில் இறக்கிவிடுவது கேவர்ன் கிளப்புக்குப் பக்கத்தில். பழச் சரக்குக் கிடங்கு ஒன்றின் நிலவறையில், போர்க்காலத்தில் குண்டுவீச்சிலிருந்து ஒளிந்துகொள்ளப் பயன்பட்ட இடத்தில், 1957 ஜனவரியில் ஜாஸ் இசைக்காகத் தொடங்கிய கூடம் அது. 1961-க்கும் 1963-க்கும் இடையில் பீட்டில்ஸ் அங்கே 292 முறை வாசித்திருக்கிறார்கள். பல நிகழ்ச்சிகள் மதிய உணவு வேளையில், பக்கத்து அலுவலகங்களின் தட்டச்சுப் பெண்களுக்கும் எடுபிடிப் பையன்களுக்கும். மது விற்க உரிமம் இல்லை. சூப்பும் தேநீரும் கோக்கும்தான். இத்தனை புகழ் பெற்ற இடத்தை 1973-இல், நிலத்தடி ரயிலுக்குக் காற்றுப்போக்கி அமைக்க வேண்டும் என்று மூடி, மேலே இருந்த கட்டடத்தை இடித்து, நிலவறையை மண்ணடித்து மூடினார்கள். காற்றுப்போக்கி கட்டப்படவே இல்லை. அந்த இடம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. ஊர் தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடைக்காது.

1980 டிசம்பரில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இழந்தது என்னவென்று நகரத்துக்கு உறைத்தது. தோண்டிப் பார்த்தபோது பழைய வளைவுகள் தாங்கும் நிலையில் இல்லை. கிடைத்த பழைய செங்கற்களில் சுமார் 15,000-ஐப் பயன்படுத்தி, பழைய இடத்தின் பெரும்பகுதியிலேயே புதிதாகக் கட்டி 1984-இல் திறந்தார்கள். வாசல் பழைய வாசல் இருந்த இடத்தில் இல்லை. பழைய வாசல் எது என்று தெருவில் சற்றுத் தள்ளி அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் படியிறங்கிப் போவது ஒரு பிரதிக்குள். இதை மறைத்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காவிட்டாலும் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே தாழ்வான வளைகூரை, வியர்வை வாடை, முன்னால் ஒருவர் கித்தாரோடு தனியாக நின்று வேண்டிய பாட்டைக் கேட்டு வாங்கிப் பாடிக்கொண்டிருந்தார். செங்கல் 1984-இல் அடுக்கியதா இல்லையா என்பது மூன்றாவது பாட்டில் மறந்துபோயிற்று. வேல்ஸ் பாட்டி பேரனோடு ஆடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இரவு வரை நேரடி இசை இருக்கிறது. மேடையில் ஏறுபவர்களில் பெரும்பாலானோர் உள்ளூர்க் கலைஞர்கள் என்பதும், அவர்களுக்கு இது நிரந்தர வருமானம் என்பதும் முக்கியம். எதிர்ச்சுவரில், 1957 முதல் 1973 வரை இங்கே வாசித்த 1,801 கலைஞர்கள், குழுக்களின் பெயர்கள் செங்கல் செங்கலாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலான பெயர்களை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அந்தச் சுவர் மிகவும் பிடித்தது.

தெருவின் மற்றப் பகுதியை அப்படிப் புகழ முடியாது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் அது குடிகாரர்களின் தெரு. நினைவுப்பொருள் கடை ஒன்றில் அண்ணன் மகளுக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தேன். விடுதிக்குப் போய் உற்றுப் பார்த்தவள், "சித்தப்பா, இதுல பால் வலது கையால வாசிக்கிறார்" என்றாள். இடது கைக்காரரான அவர் படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள்! மறுநாள் மாற்றித் தரக் கேட்டதற்கு, எல்லாக் கோப்பையும் அப்படித்தான் என்று கடைக்காரர் தோளைக் குலுக்கினார். அந்தக் கோப்பை இப்போது என் மேசையில் பேனா வைக்கப் பயன்படுகிறது.

இந்த வியாபாரத்தால் ஊருக்கு என்ன லாபம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். மாநகராட்சி கேட்டுக்கொண்டதன்பேரில் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் தயாரித்து 2016-இல் வெளிவந்த அறிக்கையின்படி, பீட்டில்ஸ் மரபு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 8 கோடியே 20 லட்சம் பவுண்டை நகரப் பொருளாதாரத்தில் சேர்க்கிறது; 2,335 வேலைகளைத் தாங்குகிறது. 2008-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்த ஓராண்டில் மட்டும் 97 லட்சம் கூடுதல் வருகைகளும் 75 கோடி பவுண்டுக்கு மேல் வருமானமும் வந்ததாக ஆய்வு சொல்லிற்று. அந்த ஆண்டின் தொடக்க விழாவில் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் கூரைமேல் நின்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், லிவர்பூலில் எதையாவது விட்டு வந்ததாக ஏங்குகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ரயில் நிலையம் ஒன்றின் அருகே செடிகளை வெட்டி நான்கு பேரின் உருவமாக வளர்த்திருந்தார்கள். சில வாரங்களில் ரிங்கோவின் தலையை மட்டும் யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெருமையை எந்த ஆய்வறிக்கை அளந்தாலும் இந்தச் சம்பவத்துக்கு ஈடாகாது.

இத்தனையும் சொன்ன பிறகு, பேருந்து போகாத இடங்களுக்கு வருகிறேன். யுனெஸ்கோ லிவர்பூலை இசை நகரம் என்று அறிவித்தது 2015 டிசம்பரில். (இரண்டு ஆண்டு கழித்து நம் சென்னையும் அதே பட்டியலில் சேர்ந்தது, மார்கழியில் மயிலாப்பூருக்கு வரும் வெளியூர்க்காரர் அதை எந்தப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று யாராவது சொன்னால் தேவலை.) அதே மாதத்தில்தான் மெர்சி நதிக்கரையில் நான்கு பேரின் ஆளுயரத்துக்கு மேற்பட்ட வெண்கலச் சிலைகளும் வைக்கப்பட்டன. அந்த மாதம் முடிந்து புத்தாண்டு பிறந்த இரவோடு, வுல்ஸ்டன்ஹோம் சதுக்கத்தில் இருந்த 'கஸிமியர்' என்ற இசைக்கூடம் மூடப்பட்டது. புதுப் புதுக் குழுக்களுக்கு முதல் மேடை கொடுத்த இடம் அது. 1992-இல் 'கிரீம்' நடன இரவுகள் தொடங்கிய 'நேஷன்' கட்டடமும் அதே சதுக்கத்தில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. அங்கெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. இசையால் பெயர் பெற்ற பகுதிக்கு மதிப்பு கூடும். மதிப்பு கூடினால் நிலத்துக்காரர் கட்டடம் கட்டுவார். கட்டடத்தில் குடிவந்தவர்கள் இரவில் சத்தம் என்று புகார் கொடுப்பார்கள். அண்ணன் மகள் அந்தப் பக்கம் புதிதாக எழுந்த மாணவர் குடியிருப்பில்தான் இருக்கிறாள். நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாக, "அப்போ நான்தான் வில்லியா, சித்தப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இதே யுனெஸ்கோ, நதிக்கரையில் எழும் புதுக் கட்டடங்களைக் காரணம் காட்டி, 2021 ஜூலையில் லிவர்பூல் துறைமுகத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. இசை நகரப் பட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2023 மே மாதம் உக்ரைனுக்குப் பதிலாக யூரோவிஷன் பாட்டுப் போட்டியை நடத்தி, ஊர் முழுவதும் நீல மஞ்சள் கொடியாகப் பூத்துக் குலுங்கியதை இன்றும் வாடகைக்கார் ஓட்டுநர்கள் பூரிப்போடு சொல்கிறார்கள்.

இரண்டாவது நாள் மாலை டாக்ஸ்டெத்தில் இருக்கும் மாட்ரின் தெருவுக்குப் போனோம். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த கொத்தர்கள் கட்டியதால் 'வெல்ஷ் தெருக்கள்' என்று பெயர் பெற்ற வரிசை வீடுகள். இதன் 9-ஆம் எண் வீட்டில் ரிங்கோ 1940 ஜூலை 7-ஆம் நாள் பிறந்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் அரசுத் திட்டத்தின்கீழ் குடியிருந்தவர்களை வெளியேற்றி, சன்னல்களைப் பலகை அடித்து மூடினார்கள். தெருத்தெருவாக ஆளில்லாத வீடுகள் ஆண்டுக்கணக்கில் அழுகிக்கொண்டிருக்க, உலகம் முழுவதிலுமிருந்து வந்த ரசிகர்கள் 9-ஆம் எண்ணை மூடிய பலகைமேல் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். காப்பாற்ற வேண்டும் என்று போராடியவர்களும் இருந்தார்கள். ஒழுகும் வீட்டில் வாழ்ந்து களைத்து, இடித்துப் புது வீடு கொடுங்கள் என்று கேட்ட முதியவர்களும் அதே தெருக்களில் இருந்தார்கள். இரண்டாவது தரப்பை ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2012-இல் மாட்ரின் தெருவின் ஒரு பகுதிக்கு விலக்குக் கிடைத்தது. 2015 ஜனவரியில் அரசு இடிப்புத் திட்டத்தையே நிராகரித்தது. அதன்பின் ஒரு நிறுவனம் வீடுகளை உள்ளே விரிவாக்கிப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது.

நாங்கள் போனபோது செங்கல் சுவர்கள் கழுவித் துடைத்ததுபோல் இருந்தன. கதவுகளுக்குப் புதுச் சாயம், வாசலில் சிறுவர் ஸ்கூட்டர் ஒன்று, மூலைவீட்டில் தாளிப்பு வாசனை போன்ற ஏதோ ஒன்று. நினைவுப்பொருள் கடை கண்ணில் படவில்லை. சீட்டு வாங்கச் சொல்லி யாரும் வரவில்லை. 9-ஆம் எண் வீட்டுக்கு எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தோம். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் படம் எடுக்காமல் நகர்ந்தோம். பேருந்தில் இந்த வட்டாரத்தைக் கடந்து போகும்போது சொன்ன கதையைவிட இங்கே நடந்ததில் எனக்கு அதிகம் புரிந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: முதலில் நேஷனல் டிரஸ்ட் வீடுகளுக்கு எந்த நாளில் இடம் கிடைக்கிறது என்று பார்த்து, அதை வைத்து மற்றதைத் திட்டமிடுங்கள். பேருந்துக்கும் வார இறுதியில் முன்பதிவு செய்வது நல்லது. சன்னலோரம் வேண்டுமென்றால் அரை மணி முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள். நடுவில் இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குவது உத்தமம். கேவர்னுக்கு வார நாள் பிற்பகலில் போனால் உட்கார இடம் கிடைக்கும், பாடுபவரிடம் பாட்டுக் கேட்கவும் முடியும். சைவ உணவுக்காரர்கள் மாத்யூ தெருவை நம்ப வேண்டாம். போல்ட் தெருவுக்கு நடந்தால் பத்து நிமிடத்தில் வேண்டியது கிடைக்கும். பேருந்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், வீடுகளுக்கு ஐந்தும். மாட்ரின் தெருவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாசலில் நின்று சத்தம் போடாதீர்கள்.